பழுதாகும், கைவிடாது

உத்தர்பாராவில் உற்பத்தி நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. செகண்ட்ஹேண்ட் அம்பாசடரை வாங்க இன்னும் ஆள் இருக்கிறது. பழுதுபார்க்கத்தான் ஆள் குறைந்துவருகிறது.

மே மாத நண்பகல். நெடுஞ்சாலை ஓரம் வேப்ப மரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசடர் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. குடும்பம் நிழலில் இறங்கி டிபன் டப்பாவைப் பிரிக்கிறது. காரை ஓட்டிவந்தவர் பழைய துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்பின் மீது சுற்றுகிறார். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்ட பெட்ரோல் குளிர வேண்டும். கால் மணி நேரம் ஆகும். யாரும் பதறவில்லை. டப்பா காலியாவதற்குள் கார் தயாராகிவிடும். நாற்பதைத் தாண்டிய இந்தியர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

அம்பாசடர் நம்பகமான காரா என்ற கேள்விக்கு இந்தக் காட்சியில் இரண்டு விடைகள் இருக்கின்றன. எத்தனை முறை வழியில் நின்றது என்று கணக்கெடுத்தால் தலைகுனிய வேண்டியதுதான். ராத்திரிக்குள் வீடு வந்து சேர்ந்ததா என்று கேட்டால், பெரும்பாலான உரிமையாளர்கள் ஆமாம் என்பார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியக் குடும்பங்கள் இரண்டாவது கேள்வியை மட்டுமே கேட்டுவந்தன. இன்று பழைய அம்பாசடர் வாங்க நினைப்பவருக்குச் சிக்கல் அங்கேதான். அந்த இரண்டாவது விடை மாறிக்கொண்டிருக்கிறது.

பி.எம். பிர்லா 1942-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு இடம் பெயர்ந்தது. (பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே ஹிந்த்மோட்டார்.) பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-ல் அம்பாசடர் தயாரிப்பில் இறங்கியது. பிரிட்டனில் அந்த மாடல் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. இங்கே மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறியது, முகப்பு கிரில் மாறியது. உருண்டைக் கூரையும் புடைத்த மட்கார்டுகளும் 2014 மே 24 அன்று தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்படும்வரை மாறவே இல்லை. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு சுமார் 24,000 என்றிருந்த விற்பனை, கடைசி நிதியாண்டில் ஏறத்தாழ 2,200-க்கு இறங்கியிருந்தது. 2017-ல் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது வெறும் பெயரை.

செகண்ட்ஹேண்ட் சந்தையில் இந்தக் காரின் மதிப்பு ஏறி இறங்கிய கதை விநோதமானது. லைசென்ஸ் ராஜ்ய நாட்களில் புதுக் காருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஓரிரு வருடம் ஓடிய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது. 1983-ல் மாருதி 800 வந்த பிறகு அந்த மவுசு போயிற்று. அதற்குப் பின் வந்த குடும்பங்களுக்கு அம்பாசடர் கிடைத்த வழி பெரும்பாலும் இரண்டு: டாக்ஸிக்காரர் கைமாற்றிவிட்டது, அல்லது அரசு அலுவலகம் கழித்துக்கட்டி ஏலம் விட்டது. ஏலத்தில் வந்த வண்டிகளுக்கு அமைச்சர் ஏறிய வண்டி என்று ஒரு பெருமையும் ஒட்டிக்கொள்ளும், யாரும் சரிபார்த்ததில்லை. பிறகு புதிய மோட்டார் சைக்கிள் விலைக்கே கிடைத்த காலமும் வந்தது. இப்போது நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு விலை மறுபடி ஏறியிருக்கிறது. வாங்குபவர்களில் பாதிப் பேர் காரை வாங்குவதில்லை, அப்பாவின் நினைவை வாங்குகிறார்கள்.

நீளம் என்னவோ நாலேகால் மீட்டர் சொச்சம்தான். இன்றைய நடுத்தர செடான்கள் அதைவிட நீளம். ஆனால் உயரமான கூரையும் சோபா போன்ற பின்சீட்டும், பழைய மாடல்களில் முன்னாலும் ஒரே பெஞ்ச் சீட்டும் சேர்ந்து ஒரு கூட்டுக் குடும்பத்தையே விழுங்கிவிடும். வேட்டி, புடவையோடு குனியாமல் ஏறலாம், முழங்கால் வலிக்காமல் இறங்கலாம். முதியவர்கள் உள்ள வீடுகளில் இந்தக் கார் விற்கப்படாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

எல்லா அம்பாசடரும் ஒன்றல்ல. வெளித் தோற்றம் ஒன்றாக இருப்பதால் ஏமாறுபவர்கள் உண்டு. பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சிசி, பி.எம்.சி. வடிவமைப்பு. எளிமையானது, எண்ணெய் கசிவது, லிட்டருக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் உரிமையாளர் திருப்திப்பட்டுக்கொள்வது. இதன் நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நிற்காமல் முதல் கியர் போட்டால் பற்கள் உரசும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். அதே கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் 37 குதிரைத்திறன்தான். ஏற்றத்தில் லாரிகளே ஹாரன் அடித்து முந்தும். ஆனால் டாக்ஸிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, திறந்து ரிப்பேர் செய்து, மறுபடி லட்சக்கணக்கில் ஓட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1,817 சிசி பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியருடன் வந்தது. அதற்கு முன்பே கான்டெஸாவில் ஓடிய எஞ்சின் அது. கியர் தண்டும் ஸ்டீயரிங்கிலிருந்து தரைக்கு இறங்கியது. இசுசு எஞ்சின் வைத்திருப்பவர்களிடம் பேசினால் வேறொரு காரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தோன்றும்: நிற்பதில்லை, சூடாவதில்லை, நெடுஞ்சாலையில் தைரியமாக முந்தலாம். தினசரி ஓட்டத்துக்கு வாங்குவதென்றால் இசுசு தவிர மற்றதைப் பார்க்காமல் இருப்பது நல்லது. மாட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங் கியரை விடுவிக்க நடுச்சாலையில் இறங்கி பானெட்டைத் திறப்பது ஒரு முறை வேடிக்கை, மூன்றாம் முறை அல்ல.

டாங்க் என்ற பெயர்

அம்பாசடரைப் பற்றிய மிகப் பெரிய தவறான நம்பிக்கை அதன் உடம்பைப் பற்றியது. தடித்த தகடு, டாங்க் போல உறுதி என்று சொல்லாத உரிமையாளர் இல்லை. ஜீப்பிலும் லாரியிலும் இருப்பதுபோல இதற்குத் தனியாக சேஸிஸ் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடும் இருபக்கப் பெட்டித் தகடும், கூரையும் ஒன்றாக வெல்ட் செய்யப்பட்டதுதான் காரின் எலும்பு. அங்கே துரு பிடித்தால் பிடிப்பது தோலில் அல்ல, எலும்பில். முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி விரிப்பின் அடியில் தங்குகிறது. கொல்கத்தா, மும்பை, கொச்சி போன்ற ஈரப்பதமான ஊர்களில் தரை சல்லடையாவதற்கு இதுவே வழி. விற்கும்போது மேலே புது பெயிண்ட், கீழே தகட்டு ஒட்டு, அதற்கும் மேலே தார் பூச்சு. பார்ப்பதற்கு மணப்பெண் போல இருக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும், கதவடித் தகட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்ப்பதும் விற்பவருக்குப் பிடிக்காது. செய்தே ஆக வேண்டும். கதவைத் திறந்ததும் அது தானாகக் கீழே சரிந்தால், திரும்ப மூட சற்றுத் தூக்க வேண்டியிருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது தூணே இளகியிருக்கலாம்.

அடுத்தது முன்சக்கரங்கள். முறுக்குத் தண்டு ஸ்பிரிங் அமைப்பு கொண்ட முன்பகுதியில் பல இடங்களில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. முறையாக கிரீஸ் அடித்துவந்தால் குண்டும் குழியுமான எந்தச் சாலையையும் தாங்கும். அடிக்காமல் விட்டால் இணைப்புகள் தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி மண்டியிட்டுவிடும். சாலையோரம் முன்சக்கரம் கோணலாகப் படுத்துக்கிடக்கும் அம்பாசடர் ஒரு காலத்தில் பழகிய காட்சி. மெதுவாகப் போகும்போது நடந்தால் கிரேன் செலவு. வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் அடிக்க ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதைச் செய்யும் சர்வீஸ் நிலையங்கள்தான் இப்போது அருகிவிட்டன. புதிய கார்களில் கிரீஸ் அடிக்கும் இடமே இல்லாததால் பல இடங்களில் அந்தத் துப்பாக்கியைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரத்துக்குப் பிடிக்காது, அல்லது ஒருபக்கமாக இழுக்கும். ஏர்பேக் என்பது கிடையவே கிடையாது. பழைய வண்டிகள் பலவற்றில் சீட் பெல்ட்டும் பிறகு மாட்டியதுதான். தகடு தடிப்பாக இருப்பதில் ஒரு மறுபக்கம் உண்டு: மோதலின் அதிர்ச்சியை உள்வாங்கி நசுங்கும்படி வடிவமைத்த உடல் அல்ல இது. அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களுக்குப் போகிறது. பம்பர் நசுங்காமல் தப்பியதைப் பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்கள் இதை யோசிப்பதில்லை. பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக இந்தக் காரை வைத்திருப்பவர்கள் யோசித்தாக வேண்டும்.

தெரிந்த கைகள்

இத்தனை குறைகளோடும் அது கைவிடாத கார் ஆனதற்குக் காரணம் உத்தர்பாரா மட்டுமல்ல. சிறு நகரங்களில்கூட அம்பாசடர் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். வால்வு இடைவெளியை அளக்க அவருக்குக் கருவி வேண்டாம், காது போதும். கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டெல்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் புதிதாகவோ, கழற்றியதாகவோ, உள்ளூர்ப் பட்டறையில் கடைந்ததாகவோ எல்லாப் பாகமும் கிடைத்தது. ஐம்பது வருடங்களுக்கு மேல் அடிப்படை மாறாததால் ஒரு வண்டியின் பாகம் பல மாடல்களுக்குப் பொருந்தியது. பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி 2013-ல் உலகின் சிறந்த டாக்ஸியாக இதைத் தேர்ந்தெடுத்தபோது லண்டன் டாக்ஸியும் தோற்றவர்களில் ஒன்று. மறு ஆண்டு தொழிற்சாலை நின்றது.

அந்தக் கூட்டணியைத் தாங்கியவை டாக்ஸிகள். கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மஞ்சள் டாக்ஸிகள் ஓடியவரை பாகம் செய்பவருக்கு வியாபாரம் இருந்தது, மெக்கானிக்கின் மகனுக்கும் தொழில் கற்க ஒரு காரணம் இருந்தது. 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி வாடகை வாகனங்களுக்கு 15 ஆண்டு வயது வரம்பு வந்தது. ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக டாக்ஸிகள் ஓய்வுபெற்று வருகின்றன. விதி தளர்த்தப்படாவிட்டால் 2014-ல் வந்த கடைசி வண்டிக்கும் 2029-ல் கெடு முடிகிறது. உடைக்கப்படும் டாக்ஸிகளால் இப்போதைக்குச் சந்தையில் கழற்றிய பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ரப்பரில் தெரிகிறது. கண்ணாடி ரப்பர், எஞ்சின் தாங்கி, புஷ் எல்லாம் கிடைக்கின்றன; ஆனால் தரம் குறைந்த போலிகள், ஒரு கோடைக்கே வெடித்துவிடுகின்றன என்பதே உரிமையாளர்களின் பரவலான புகார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கார்புரேட்டர் வண்டிகளின் பழைய குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் இன்னொரு கவலை. அவற்றை மாற்றிவிடுவதே நல்லது. கசியும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் சூடான எஞ்சின் இருக்கிறது.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கப்பட்டது. பல மாநிலங்களில் பசுமை வரியும் உண்டு. டெல்லியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற வரம்பை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் தர மறுக்கும் ஏற்பாடு தொடங்கி சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. இந்த இழுபறியில் தலைநகரில் அம்பாசடர் வாங்குவது தெரிந்தே வம்பை வாங்குவது. 50 வயதைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அதை அன்றாட வேலைக்கு ஓட்ட அனுமதியில்லை.

பார்க்க வருபவர்களில் அனுபவசாலிகள் காரை முதலில் ஸ்டார்ட் செய்யச் சொல்வதில்லை. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறார்கள். எண்ணெய் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்க்கிறார்கள், விரிப்பைத் தூக்குகிறார்கள், முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி இரண்டு கையாலும் ஆட்டிப் பார்க்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார்க்கிறார்கள். பெட்ரோலை டீசலாக்கி, டீசலைத் திரும்ப இசுசுவாக்கிய வண்டிகள் ஏராளம். எல்லாம் பிடித்துப்போனால், விலை பேசுவதற்கு முன்பு ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார்கள்: இதுவரை யார் பார்த்தார்கள், அவர் இன்னும் பட்டறை நடத்துகிறாரா?