பந்தயக் களமும் பிள்ளைகளின் மனமும்

பெர்ன்ஹில்லிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மலைச் சரிவுகளில் ஏறியிறங்கி வளரும் நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமை குறைவன்று. ஆயினும், பயிற்சியில் முன்னின்றவர் முதலமைச்சர் கோப்பை போன்ற பெரும் போட்டிகளில் பின்தங்கிவிடுவதுண்டு. இதனைச் சோம்பல் என்றோ திறமைக் குறைவு என்றோ முடிவு கட்டலாகாது. மனக்கலக்கமும் இதற்குக் காரணமாகலாம்.

அச்சம் தோன்றியவுடன் உடலில் அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அளவான பரபரப்பு ஊக்கம் தரும். அளவு மீறினாலோ பழகிய அசைவும் தடுமாறும். கவனம் ஆட்டத்தை விட்டுத் தோல்வியின் மீது செல்லும். உருளைக்கிழங்குச் செடிக்கு நீர் வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதை உழவர் அறிவர். மனக்கலக்கம் நெடுநாள் நீடித்தால் உறக்கமும் பசியும் கெடும். காயமடையும் வாய்ப்புப் பெருகும். ஆட்டத்தின் மீதே வெறுப்புத் தோன்றும்.

2024-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் சென்னை இளைஞர் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். எனினும் மனந்தளராது, 14 ஆட்டங்களின் முடிவில் 18-ஆம் வயதிலேயே உலகப் பட்டம் பெற்றார். மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் என்னும் பயிற்சியாளர் அவருக்குத் துணை நின்றார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-இல் டோக்கியோவில் மனநலம் கருதிப் பல போட்டிகளிலிருந்து விலகினார். 2024-இல் பாரிசில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். ஓய்வு கோருவது கோழைத்தனமன்று என்பதற்கு இது சான்றாகும்.

நாம் செய்யத்தக்கவை யாவை? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் கிடைக்கும் என்று, குடும்பத்தின் எதிர்காலம் முழுவதையும் ஒரே பந்தயத்தின் மீது ஏற்றுதல் கூடாது. தோற்று வந்த பிள்ளையைப் பிறர் முன்னிலையில் ஏசுதல் கூடாது. போட்டிக்கு முன் நன்கு உறங்கவும், மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடவும் பழக்க வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் வென்றவருக்கு மாலையிடும் மேடையில், பங்குகொண்ட அனைவரையும் அழைத்துப் பாராட்டுதல் நலம். கலக்கம் தணியாவிடில் அரசு மருத்துவமனையை நாடலாம். 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

பதக்கம் ஒரு நாளைய பெருமை. பிள்ளையின் மனநலமோ வாழ்நாட் செல்வம். அதனைக் காப்பதும் கிராம முன்னேற்றப் பணியே என்பதை நாம் அனைவரும் உணர்வோமாக.