அடையாற்றின் வழியில் அண்டை வீட்டார்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவைச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டைக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அன்று தொடங்கிய ஒருநாள் மழை தாம்பரத்தில் மட்டும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. பழி முழுவதையும் அந்த ஒரு மதகின்மேல் சுமத்திவிட்டு நம்மில் பலர் அமைதியடைந்தோம்.

மதகு திறந்த விதம் பற்றிய கேள்வி நியாயமானதே. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் அதனைக் கேட்டது. எனினும் ஆற்றில் வந்தது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று. நகருக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகள் சங்கிலிபோல் அமைந்தவை. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். கடைசியில் மிஞ்சுவது ஆற்றைச் சேரும். வரத்துக்கால்வாயில் வீடு எழும்பினால் சங்கிலி அறுகிறது. நீரோ நிற்பதில்லை, முடிச்சூர்த் தெருக்களில் புகுந்து வழி தேடுகிறது.

இச்சங்கிலிக்கு எசமானர் பலர். பெரிய ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடம். சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். சதுப்பு நிலம் வனத்துறையைச் சேர்ந்தது. ஒரு துறை வடிகாலை அகலப்படுத்தி முடிக்கும் இடத்தில் அடுத்த துறையின் கால்வாய் தூர்ந்து கிடந்தால், செலவழித்த பணம் வெள்ளத்தை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மாற்றியதோடு சரி. துறைகளை ஒருங்கிணைக்கச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை உண்டு. 2011இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா அதன் நற்பணி. ஆயினும் முகத்துவாரத்தில் செய்த தூய்மையை மேலிருந்து வரும் சாக்கடை நாள்தோறும் அழிக்கிறது.

சாக்கடை எங்கிருந்து வருகிறது? இங்கே நம் வாசலுக்கே வந்துவிட்டோம். செலவுக்கு அஞ்சி, வீட்டுக் கழிவை மழைநீர் வடிகாலில் இணைத்தவர் எத்தனை பேர்! மழையில்லாத கோடையிலும் கறுத்த நீர் ஓடும் வடிகால் அதற்குச் சாட்சி. ஆலைகளும் விலக்கல்ல. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவரின் படகையும் வலையையும் பாழாக்கிற்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. வெள்ளத்திற்கு அஞ்சி முன்னதாகவே நீரை வடித்துவிட்டால், மழை பொய்த்த ஆண்டில் குடங்கள் காயும்; 2019 கோடையில் அந்த ஏரி வறண்டதைக் கண்டோம். நிறைத்து வைத்தால் கீழே வாழ்பவர் நெஞ்சம் நடுங்கும். எத்தனை அடி நிறுத்துவது என்பதை ஐப்பசி பிறக்குமுன், ஏரிக்கரை ஊராரும் ஆற்றங்கரை நகரத்தாரும் அதிகாரிகளோடு ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். மழை கொட்டும் நள்ளிரவில் பேச நேரமிராது.