தலைமுடி அளவு நீட்சி

ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து முன்சக்கரம் கழன்று தனியே உருண்டு போகிறது. கார் அந்த மூலையில் சரிந்து, பிரேக் டிஸ்க் சாலையைக் கீறியபடி நிற்கிறது. பட்டறைக்கு இழுத்து வந்ததும், நான்கு புது நட்டு போட்டுச் சக்கரத்தை மாட்டிவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. சக்கரத்தை இத்தனை நாள் பிடித்திருந்தது நட்டு மட்டுமல்ல.

சக்கரம் ஸ்டட்களின் மேல், அதாவது சக்கரம் பொருந்தும் ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைத் தண்டுகளின் மேல், தொங்கிக்கொண்டிருப்பதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. எஃகுதான், ஆனாலும் நீள்கிறது! நீண்ட எஃகு பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. பொறியாளர்கள் இதை முன்னிழுவிசை என்கிறார்கள். சிறிய காரின் 12 மி.மீ. ஸ்டட் ஒன்றில் இது 3 முதல் 4 டன் வரை இருக்கும். நான்கும் சேர்ந்தால் 12 டன்னுக்குக் குறையாது. காரின் மொத்த எடையோ ஏறக்குறைய ஒரு டன். இந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்களுக்கு இடையே பிறக்கும் உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக் போடும்போது நிறுத்துகிறது.

இத்தனைக்கும் ஸ்டட் நீள்வது 0.1 மி.மீ. கூட இல்லை. ஒரு தலைமுடியின் கனம்!

அதனால்தான் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய துருவோ பெயின்ட்டோ இருந்தால் ஆபத்து. ஓட ஓட அது நசுங்கும். 0.03 மி.மீ. நசுங்கினாலே நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கத் தொடங்கும். இப்படிப் பக்கவாட்டில் அசைந்தால் நட்டு தானாகவே கழலும் என்பதை 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 550 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்த ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது.

நடந்த கதையை உடைந்த ஸ்டட்டே சொல்லும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. முறிவு முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, வளைகோடுகளோடு இருந்தால், விரிசல் பல நாட்களாக மெல்ல வளர்ந்திருக்கிறது. சொரசொரப்பான மிச்சம் கடைசி நொடியில் பிய்ந்தது. ஸ்டட் முழுசாக இருந்து மரை மட்டும் தேய்ந்திருந்தால் நட்டுகள் கழன்று விழுந்திருக்கின்றன.

கதை எதுவானாலும், உடையாத ஸ்டட்டையும் நம்பக்கூடாது. அதுவும் வளைந்து களைத்ததுதான். அந்த ஹப்பின் எல்லா ஸ்டட்களையும் மாற்ற வேண்டும். ஸ்டட்டின் தலைக்கு அடியில் பல்பல்லாக வரி இருக்கும். அது ஹப்பின் துளையைக் கடித்துப் பிடிப்பதால் தண்டு சுழலாது. பழையதைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டு, புதியதை அழுத்தி ஏற்றுவார்கள். சக்கரத்தின் துளை ஓவல் அடித்திருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம். தரையில் உரசிய டிஸ்க், லோயர் ஆர்ம், பேரிங், ஏபிஎஸ் வயர் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஹப் முகம் கோணியிருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஹப், சக்கரம் இரண்டின் முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்க வேண்டும். சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை: கால் மீட்டர் ஸ்பானரின் முனையில் 40 கிலோ தொங்கவிட்டது போல. சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்தத் திருகலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. மீதி மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே செலவாகிறது. மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அதே திருகலில் ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

50 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் டார்க் ரெஞ்சை, அதாவது குறித்த முறுக்குவிசை வந்ததும் 'க்ளிக்' என்று ஒலிக்கும் ஸ்பானரை, மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். உடனே 'க்ளிக்' என்றால் நல்லது. கொஞ்சம் திரும்பிய பிறகு 'க்ளிக்' என்றால் ஏதோ நசுங்கி அமர்ந்திருக்கிறது. அடுத்த 100 கி.மீ. கழித்து இன்னொரு முறை. அப்போதும் திரும்பினால் மேலும் இறுக்க வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் முகத்தைப் பாருங்கள்.