செல்லாக் காசின் செல்வாக்கு

இங்கிலாந்தில் ஒரு குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியில் அதைத் தராசில் கிடத்தி, இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று புத்தகத்தில் குறித்துக் கொள்கிறார்கள். தகப்பனார் வெளியே வந்து டெலிபோனை எடுத்துப் பாட்டியைக் கூப்பிடுகிறார். "ஏழு ராத்தல், நாலு அவுன்ஸ்!" என்று சந்தோஷ சமாசாரத்தைச் சொல்லுகிறார். கிலோ எங்கே போயிற்று என்று பாட்டி கேட்பதில்லை. கிலோவில் சொல்லியிருந்தால்தான் அவளுக்குக் கவலை வந்திருக்கும். குழந்தை நோஞ்சானா, கொழுகொழுவென்று இருக்கிறதா என்று ஒன்றும் விளங்கியிராது.

அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகு தன் எடையைப் பெரும்பாலும் 'ஸ்டோன்' கணக்கில் சொல்லுகிறான். ஸ்டோன் என்றால் கல். 14 ராத்தல் கொண்டது ஒரு கல். நம்முடைய கடைத்தெருவிலும் எடைக்கல் உண்டு; ஆனால், "நான் இப்போது பதினொரு கல் இருக்கிறேன்" என்று நம்மில் யாரும் சொல்லிக் கொள்வதில்லை. வியாபாரத்துக்கு இந்தக் கல் உதவாது என்று 1985-ம் வருஷத்துச் சட்டமே தள்ளி விட்டது. சட்டம் தள்ளிய கல்லை ஜனங்கள் வீட்டுக் குளியலறைத் தராசில் பத்திரமாக வைத்துக் கொண்டு விட்டார்கள்!

முதலில் காசைப் பார்ப்போம். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஒரு பென்னிக்கு 4 பார்திங். ஆகவே பவுனுக்கு 240 பென்ஸ், 960 பார்திங். நடுவிலே ஆறு பென்ஸ் காசு, இரண்டு ஷில்லிங் 'பிளாரின்', இரண்டரை ஷில்லிங் 'அரைக் கிரௌன்' என்று உபதேவதைகள் வேறு. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி போட்டுக் கணக்குப் பண்ணிய நம் பெரியவர்களுக்கு இது அவ்வளவு பயங்கரமாகத் தோன்றாது. இந்த முறையிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். ஒரு பவுனை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ், மிச்சம் ஒன்றுமில்லை. நூறை மூன்றாகப் பங்கிட்டுப் பாருங்கள். ஒன்று கையில் நின்று கொண்டு சிரிக்கும்.

இந்தக் கணக்கைப் பதின்மமாக்க வேண்டும் என்ற யோசனை அந்த நாட்டில் புதிதல்ல. 1849-ல் பிளாரின் காசை வெளியிட்டதே அதற்கு முதற்படியாகத்தான். அது பவுனில் பத்தில் ஒரு பங்கு அல்லவா? இரண்டாவது படி ஏறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே ஆங்கிலேய சர்க்கார் 1872-லேயே இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம் என்று ஏற்பாடு செய்து விட்டது. சுதந்திர இந்தியாவோ 1957 ஏப்ரல் 1-ல் அணாவுக்கு விடை கொடுத்து, நயா பைசாவை வரவேற்றது. லண்டன் கடைக்காரர் அப்போதும் பன்னிரண்டால் வகுத்துக் கொண்டிருந்தார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் வீட்டில் சீர்திருத்தம் கடைசியில்தான் நுழையும் போலும்!

1966-ல் நிதி மந்திரி காலகன் மாறுதலை அறிவித்தார். குறித்த நாள் 1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. முந்தின வியாழன் முதல் ஞாயிறு வரையில் பாங்குகளை மூடி வைத்துக் கொண்டு குமாஸ்தாக்கள் கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் பவுனுக்கு நூறு 'புதுப் பென்ஸ்' ஆகிவிட்டது. ஒரு புதுப் பென்னி பழைய பென்ஸ் இரண்டே காலுக்கு மேல். சரியாகச் சொன்னால் 2.4. கைப்பையைத் திறந்து காசை எண்ணிய கிழவிகளின் அவஸ்தை கொஞ்சமல்ல. குழப்பத்தில் கடைக்காரர்கள் விலையை ஏற்றி விட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். அந்த மனத்தாங்கல் நெடுநாள் வரையில் தீரவில்லை.

காசு மாறியது; ஆனால் வாய் மாறவில்லை. பழைய பென்னி அந்த வருஷம் ஆகஸ்டு முடிவிலேயே செல்லாக் காசாகிவிட்டது. இருந்தும், ஒரு விஷயம் தாமதமாக மனத்தில் பட்டால் 'பென்னி விழுந்தது' என்றே இன்றைக்கும் சொல்லுகிறார்கள். இயந்திரத்தின் துவாரத்தில் போட்ட காசு சிறிது நேரம் சிக்கிக் கொண்டு, பிறகு டக்கென்று விழுவதை நினைவிலே கொண்ட பேச்சு இது. பொதுக் கழிப்பிடத்தின் கதவுக்கு ஒரு பென்னி போட்ட காலம் மலையேறி விட்டது. ஆனால் கொல்லைப்புறம் போவதை நாசூக்காகச் சொல்ல, 'ஒரு பென்னி செலவழித்து வருகிறேன்' என்பாரும் இன்னும் உண்டு. பணக்காரனைக் குறித்து, 'அவனிடம் சில ஷில்லிங் இருக்கிறது' என்று கண் சிமிட்டுகிறார்கள். அதற்கு 'பாப்' என்பது செல்லப் பெயர். 1960 முடிவோடு மறைந்து போன பார்திங்கைக் கண்ணாலேயே பார்த்திராத பேரனும் அதன் பெயரை அறிவான்.

ஆறு பென்ஸ் காசின் கதை இன்னும் சுவையானது. புதுக் கணக்கில் அது இரண்டரைப் பென்ஸாகி விட்டது. வேண்டாத விருந்தாளிதான், ஆயினும் ஜனங்களும் பத்திரிகைகளும் அதை விட மனமில்லாமல் கூச்சல் போட்டதன் பேரில் 1980 வரையில் உயிரோடு இருந்தது. கிறிஸ்துமஸ் பணியாரத்துக்குள் ஒளித்து வைப்பதும், கலியாணப் பெண்ணின் ஜோட்டுக்குள் அதிர்ஷ்டத்துக்காக வைப்பதும் அந்த வெள்ளிக் காசைத்தான். ஒரு ஷில்லிங்கும் பிளாரினும் புது ஐந்து பென்ஸ், பத்துப் பென்ஸ் காசுகளாக வேஷம் போட்டுக் கொண்டு 1990-க்குப் பிறகே ஓய்வு பெற்றன.

இவை எல்லாவற்றையும் தோற்கடித்தது 'கினி' தான். ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த பொன்னில் 1663-ல் முதன் முதலாக அடித்த நாணயம் அது. 1717-ல் அதன் மதிப்பு 21 ஷில்லிங் என்று முடிவாயிற்று. 1816-ம் வருஷத்து நாணயச் சீர்திருத்தத்தோடு கினி போய்விட்டது. நாணயம்தான் போயிற்று, கணக்குப் போகவில்லை! வக்கீல், டாக்டர் முதலிய கனவான்கள் பவுன் கேட்பது மட்டம் என்று கருதிக் கினியில் பீஸ் வாங்கி வந்தார்கள். நியூமார்க்கெட் நகரத்தில் பந்தயக் குதிரைகளை டாட்டர்ஸால் கம்பெனியார் இன்றும் கினியில்தான் ஏலம் கூறுகிறார்கள். விற்றவருக்குப் பவுன், ஏலக்காரருக்கு அதன் மேலுள்ள ஷில்லிங் என்பது பழைய சம்பிரதாயம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த காசுக்கு இன்னும் தரகு கிடைத்துக் கொண்டிருக்கிறது!

காசை அடிக்கும் உரிமை சர்க்கார் ஒருவருக்கே உரியது. ஆகையால் அதை ஒரே நாளில் மாற்ற முடிந்தது. அளவையோ அப்படியல்ல. அது சமையலறையிலும், சாலையிலும், உடம்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு துறையையும் தனித் தனியே பிடித்து மாற்ற வேண்டும். அந்தக் காரியத்தை அரைகுறையாகவே விட்டு விட்டார்கள். சாலைப் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றும் உத்தேசம் 1970-ல் ஒத்திவைக்கப்பட்டது. மைல்கல் இன்னும் மைல்கல்லாகவே நிற்கிறது. பெட்ரோலை லிட்டரில் வாங்கி ஊற்றிக் கொண்டு, காலனுக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஜாம் புட்டியின் மேல் 454 கிராம் என்று விசித்திரமான எண் ஒன்று காணும். அது வேஷம் போட்ட ஒரு ராத்தல். கிரிக்கெட் ஆடுவோர் எந்தத் தேசத்தாரானாலும் இரண்டு விக்கெட்டுகளுக்கும் நடுவே 22 கஜமே ஓடுகிறார்கள். நிலம் அளக்கும் பழைய சங்கிலி ஒன்றின் நீளம் அது.

பழைய அளவைகளின் வரலாற்றில் நெருப்பும் உண்டு. கஜானாவில் வரவு செலவைக் குறிக்க, வெட்டுக்குறி போட்ட மரக்கழிகளை நூற்றாண்டுக் கணக்காக உபயோகித்து வந்தார்கள். வழக்கொழிந்த அந்தக் கழிகளை 1834 அக்டோபர் 16-ந் தேதி பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி பற்றிக் கொண்டு பார்லிமெண்ட் மாளிகையே வெந்து போயிற்று. அங்கே வைத்திருந்த, தேசத்துக்கெல்லாம் மூல அளவான கஜக்கோலும் ராத்தல் கல்லும் அத்துடன் பாழாயின!

அந்த ராத்தலுக்காக நம் காலத்தில் கோர்ட்டு ஏறியவர் ஸ்டீவ் தோபர்ன். ஸண்டர்லாண்டு நகரத்தில் காய்கறி, பழம் விற்றவர். 2000 ஜனவரி முதல், உதிரியாக விற்கும் பண்டங்களையும் கிலோவில்தான் நிறுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ராத்தல் விலையைப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் ராத்தல் மட்டும் காட்டும் தராசு ஆகாது. தோபர்ன் தம் தராசை மாற்றவில்லை. அதிகாரிகள் வந்து வாழைப்பழம் நிறுத்த தராசுகளைப் பறிமுதல் செய்தார்கள். 2001 ஏப்ரலில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. நிபந்தனையின் பேரில் விடுதலை செய்தார்கள். 2002 பிப்ரவரியில் மேல் கோர்ட்டிலும் தோற்றார். 2004-ல், 39-வது வயதில், மாரடைப்பால் காலமானார். பார்லிமெண்டு இயற்றும் சட்டங்களில் சில மற்றவற்றைவிட உயர்ந்த தகுதியுடையவை என்று அந்த வழக்கில் நீதிபதி லாஸ் கூறிய அபிப்பிராயத்தைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படித்து வருகிறார்கள்.

சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. தோபர்ன் கேட்டு வந்தவர்களுக்குக் கேட்ட அளவில் கொடுத்தார். அளவில் ஏமாற்றினார் என்பது வழக்கே அல்ல. இதே தேசத்தில் மதுக்கடையிலே பீப்பாயிலிருந்து ஊற்றும் பீரை, சட்டப்படி, பைண்ட் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். (இந்தச் சமாசாரம் நம் பக்கத்தில் வர நேர்ந்ததற்கு நேயர்கள் மன்னிக்க வேண்டும்.) வாழைப்பழத்தை ராத்தல் தராசில் நிறுத்தால் குற்றம், பீரை அரை லிட்டராக ஊற்றினாலும் குற்றம்! இரண்டு கணக்கையும் ஒரே தெருவில் வைத்தவர்கள் சட்டம் செய்தவர்கள். தண்டனை மட்டும் தள்ளுவண்டி வியாபாரிகளைப் போன்ற சின்ன மனிதர்கள் தலையில் விழுந்தது.

2022-ல் சர்க்கார் மறுபடியும் இந்த விஷயத்தைக் கிளறி, பழைய அளவைகளுக்கு இன்னும் இடம் கொடுக்கலாமா என்று ஜனங்களைக் கேட்டது. லட்சம் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். உடம்பைக் கல்லிலும், உயரத்தை அடி அங்குலத்திலும் சொல்லும் தேசத்தில் என்ன பதில் வந்திருக்கும்? நூற்றுக்கு 98.7 பேர், கடைத்தெருவில் மீட்டர், கிலோ முறையே முதன்மையாக இருக்கட்டும் என்றார்கள். பேச்சிலே பழசு வேண்டும், பணம் கொடுக்கும் இடத்தில் குழப்பம் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி போலும். எமக்கும் அது நியாயமாகவே தோன்றுகிறது.

2023 டிசம்பரில் சர்க்கார் முடிவு வெளியாயிற்று. சட்டத்தை மாற்றுவதற்கில்லை என்றார்கள். ஒரே ஒரு சலுகை மட்டும் அறிவித்தார்கள். திராட்சை மதுவை இனிமேல் 568 மில்லி லிட்டர் புட்டியிலும் விற்கலாம். அதாவது, ஒரு பைண்ட்.