45 குதிரைவலு, 30 வயது: நம் வாலிபர்களை இழுக்கும் பழைய 250

மன்னார் – மதவாச்சி வீதியில், முருங்கனுக்கும் உயிலங்குளத்துக்கும் இடையில் பின்னேரங்களில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். தூரத்தில் விசில் போலத் தொடங்கும். மேலே மேலே ஏறும். இதற்குமேல் ஏறாது என்று நாம் நினைக்கும்போது இன்னும் ஏறி, நம்மைக் கடந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் மறைந்துவிடும். தேத்தண்ணிக் கடையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "மௌத்தைத் தேடிப் போறான்" என்பார். பக்கத்தில் நிற்கும் பதினேழு வயதுப் பையன் ஒன்றும் பேசமாட்டான். ஆனால் சத்தம் ஓயும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்தப் பெரியவருக்கு அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பையனுக்கு அதன் அழகு மட்டும்தான் தெரியும். பல வருடங்களாக இந்த வகை வண்டிகளை ஓட்டியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில், இருவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நம் பகுதியில் 'ரேஸ் பைக்' என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் பல, 1980களின் கடைசியிலும் 1990களிலும் ஜப்பானில் அந்நாட்டு மக்களுக்காகச் செய்யப்பட்டவை. ஹொண்டா சிபிஆர் 250ஆர்ஆர், ஹொண்டா என்எஸ்ஆர் 250ஆர், யமஹா எஃப்இசட்ஆர் 250, கவாசாகி இசட்எக்ஸ்ஆர் 250 எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஜப்பானில் 400 சீசீக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுப்பது அந்நாட்களில் மிகக் கடினம். 250 வரையுள்ள வண்டிகளுக்குக் கட்டாய வாகனப் பரிசோதனையும் இல்லை. ஆகவே இளைஞர்கள் எல்லோரும் 250 கேட்டார்கள். கம்பனிகள் தங்களுடைய பந்தய அறிவு முழுவதையும் அந்தச் சிறிய இன்ஜினுக்குள் திணித்தன. 250 வகுப்பில் 45 குதிரைவலுவுக்கு மேல் போவதில்லை என்று கம்பனிகள் தமக்குள் ஓர் உடன்பாடு வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போட்டி இருந்தது.

45 என்பது பெரிய எண்ணா? நம் வீடுகளில் நிற்கும் ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டருக்கு ஏறத்தாழ 7.5 குதிரைவலு. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் அது தன் முழுச் சக்தியையும் தந்துவிடும். சிபிஆர் 250ஆர்ஆர் ஆறு மடங்கு சக்தியை 15,000 சுற்றில் தருகிறது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் சிறிய தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லை. நாம் கேட்கும் அந்த விசில் சத்தம் அதனுடையது. ஒரு கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதுபோல அதைத் திறந்து பார்க்கலாம். இப்படியொரு பொருளைப் பார்த்து ஒரு வாலிபனின் மனம் துள்ளுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். எனக்கும் துள்ளுகிறது.

சிக்கல், அந்தச் சக்தி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. என்எஸ்ஆரை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். 6,000 சுற்றுக்குக் கீழே ஓட்டினால் சோம்பேறி. பழைய 125 ஒன்றில் போவதுபோல இருக்கும், "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும். 8,000ஐத் தொடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல வண்டி பாயும். இடையில் படி எதுவும் இல்லை. நேர்வீதியில் இது இன்பம். ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும்போது, பின்சக்கரம் மணலில் நிற்கும்போது, அதே உதை வந்தால் கையால் சமாளிக்க நேரமிருக்காது.

இதோடு உட்காரும் விதம் வேறு. ஹேண்டில் தாழ்வாக, கால்கள் பின்னுக்கு. உடம்பின் பாரம் மணிக்கட்டில் விழுகிறது. வேகத்தில் காற்று மார்பைத் தாங்குவதால் கை இலேசாகிவிடும். மெதுவாகப் போகும்போதுதான் வலிக்கும். அதாவது, மெதுவாகப் போகிறவனைத் தண்டிப்பதுபோல அந்த வண்டி அமைந்திருக்கிறது. சந்தியில் திருப்பவும் சிரமம், ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும். பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் முன்பக்கத்தின் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. தொடையால் டாங்கைப் பிடித்து, கையைத் தளர்வாக வைக்கவேண்டும். ஸ்பிளெண்டரில் பழகியவனுக்கு இது எதிர்மாறான பாடம்.

சக்தியைக் கொடுத்துவிட்டு அடக்கும் வழியைக் கொடுக்காத வண்டிகள் உலகில் புதிதல்ல. கவாசாகி 1972இல் விற்பனைக்கு விட்ட 750 சீசீ 'எச்2'வுக்கு மூன்று சிலிண்டர், 74 குதிரைவலு. அதைத் தாங்கும் சட்டகம் அதற்கு இல்லை. மனைவியை விதவையாக்கும் வண்டி என்று அதற்கு மேற்குநாடுகளில் பட்டப்பெயர் வைத்தார்கள். 1997இல் வந்த சுசுகி டிஎல்1000எஸ் என்ற வண்டியில் பின்பக்க அதிர்வைத் தாங்க ஒரு புதுவகைச் சாதனம் வைத்தார்கள். அது சூடேறினால் தளர்ந்துவிடும். முன்பக்கம் கட்டுப்பாடில்லாமல் ஆடுகிறது என்று முறைப்பாடுகள் வந்த பிறகு, ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் டாம்பரைச் சேர்த்தார்கள். அக்கரையில் இந்தியாவில் 1983இல் எஸ்கோர்ட்ஸ் கம்பனி வெளியிட்ட ராஜ்தூத் 350ஐக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யமஹாவின் ஆர்டி 350தான் அது. ஜப்பானிய மூலத்தில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது, இந்தியாவில் டிரம் பிரேக் போட்டு விற்றார்கள். 30 குதிரைவலு வண்டி, நிறுத்த டிரம். வேகமாகப் போகத் தெரியும், நிற்கத் தெரியாது. அந்த வண்டியைத்தான் இன்று பெரும் பணம் கொடுத்து வாங்கிப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் தோனியிடமும் இருக்கிறது. குறை தெரிந்தும் ஆசை போகவில்லை. சொல்லப்போனால் அந்தக் குறையே ஆசையின் ஒரு பாதி. எல்லோராலும் ஓட்டமுடியாத ஒன்றை நான் ஓட்டுகிறேன் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

நம்மிடம் வரும் 250கள் புதிதாக இருந்தபோது இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளானவை அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். சிபிஆரின் சட்டகமும் பிரேக்கும் அருமையானவை. அதை ஓட்டக் கடினமாக்கியது வயது. முப்பது வருடங்களில் முன் ஃபோர்க் ஒயில் சீல் கசிந்து, அந்த எண்ணெய் பிரேக் பாட்டில் இறங்கியிருக்கும். பின் ஷொக் செத்திருக்கும். கோன் செட் தேய்ந்திருக்கும். நான்கு கார்பரேட்டர்களில் ஒன்று மற்ற மூன்றோடு சேராது. உதிரிப்பாகம் இல்லாததால் வேறு வண்டியின் சாமானை வெட்டி ஒட்டியிருப்பார்கள். போதாததற்கு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வராமலிருந்த காலத்தில் பழைய வண்டிகளின் விலை கண்டபடி ஏறியது. ஒதுக்கிப் போடவேண்டியவையும் பெயின்ட் அடித்துச் சந்தைக்கு வந்தன. பெயின்ட் நன்றாக இருக்கும். எனக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டுபவர்கள் முதலில் காட்டுவதும் பெயின்டைத்தான்.

இனி நம் வீதி. யுத்தம் முடிந்து காபட் போட்ட பிறகு மதவாச்சி வீதி வழவழவென்று நேராகக் கிடக்கிறது. மலையில்லை, பெரிய வளைவுகளும் குறைவு. ரேஸ் பைக் வைத்திருப்பவனைக் கூப்பிடுவதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் மாடும் எருமையும் இருட்டில் அந்தக் காபட்டின் சூட்டுக்குத்தான் வந்து படுக்கின்றன. மன்னார் நகரத்துக் கழுதைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காலபோக அறுவடைக் காலத்தில் கட்டுக்கரையின் கீழுள்ள வயல்காரர்கள் வீதியோரத்தில் நெல் காயப்போடுவார்கள். காபட்டில் சிதறிய நெல்மணிகளின் மேல் சாய்ந்த டயர் ஏறினால், குண்டுகளின் மேல் கால் வைத்ததுபோல வழுக்கும். வயல்காரரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு வேறு களமில்லை. தள்ளாடியைத் தாண்டிப் பாலத்து வீதியில் ஏறினால் சோளகக் காற்று. தீவின் தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. பக்கத் தகடு மூடிய ரேஸ் பைக்குக்கு அந்தக் காற்று ஒரு பாய்மரத்தில் அடிப்பதுபோல அடிக்கும். ஏதாவது நடந்து தலையில் பலத்த அடியென்றால், யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ கொண்டுபோக வேண்டிய தூரத்தில் நாம் இருக்கிறோம்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது நம் பெற்றோர் கையில் எடுத்துவந்தது சொற்பம். வண்டி, வாகனம், கடை எல்லாம் இங்கேயே கிடந்தன. புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 2009க்குப் பிறகு திரும்பி வந்து பார்த்த முதல் திறந்த வீதி இதுதான். வெள்ளிக்கிழமை வந்தால் புத்தளத்துக்கும் மன்னாருக்குமாக அலையும் குடும்பங்கள் இன்னும் நம்மில் ஏராளம். அந்தப் பிள்ளைக்கு வேகமான வண்டி ஒன்று சொந்தமாக இருப்பதென்பது வெறும் படம் காட்டல் என்று நான் நினைக்கவில்லை. படம் காட்டலும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு இஷாவுக்குப் பிறகு தெருத்தெருவாகச் சுற்றுகிறவனுக்காக நான் வாதாட வரவில்லை. அது அண்டை வீட்டார் உரிமையில் கைவைக்கும் வேலை.

ஹராமா, ஹலாலா என்று என்னிடம் கேட்கிறார்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள், நான் மெக்கானிக். ஆனால் விபத்து நடந்த வீடுகளில் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று நாம் சொல்லும்போது, அந்த வண்டியின் பின் டயரைப் பார்த்தவன் என்ற வகையில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. கத்ரை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியையும் நம்புகிறோம். இந்நாட்டு வீதிகளில் வருடத்துக்கு 2,000க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள், அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் பங்கு பெரியது.

சட்டம் இந்த இடத்தில் நமக்கு உதவவில்லை. 100 சீசீக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ' வகை லைசன்ஸ் ஒன்றுதான். 125இல் பரீட்சை கொடுத்துப் பாஸானவன் மறுநாள் 45 குதிரைவலுவில் ஏறலாம். ஐரோப்பாவில் படிப்படியாகத்தான் விடுவார்கள். குறைந்த சக்தி வண்டியில் சில வருடம் ஓட்டினால்தான் அடுத்த படி. இங்கே அந்தப் படியை வாப்பாவும் உம்மாவும்தான் கட்டவேண்டும். "வேண்டாம்" என்று மட்டும் சொன்ன வீடுகளில் பிள்ளை கூட்டாளியின் வண்டியை எடுத்து ஓட்டுகிறான், ஹெல்மெட் கூட இல்லாமல். "ஒரு வருடம் 150இல் ஓட்டிக் காட்டு, பிறகு பேசுவோம்" என்று சொன்ன வீடுகளையும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வருட முடிவில் ஆசை தணிந்துவிட்டது. மீதிப்பேர் நன்றாக ஓட்டுகிறார்கள். வேகம்தான் வேண்டுமென்றால் கட்டுக்குருந்தையில் பந்தயத்தளம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் அங்கே எருமை படுத்திருக்காது.

என் தங்கச்சியின் மகன் போன மாதம் இப்படியொரு சிபிஆரின் படத்தைப் போனில் காட்டினான். வாப்பா கட்டாரில் இருக்கிறார், பணம் அவர் அனுப்புவதாகப் பேச்சு. "மாமா, ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றான். போனேன். அவனையே பார்க்க வைத்தேன். முதலில் புக்கில் உள்ள சேஸி நம்பரும் வண்டியில் கொத்தியிருப்பதும் ஒன்றா என்று பார்த்தான். முன்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இருபக்கமும் திருப்பச் சொன்னேன்; நடுவில் ஒரு இடத்தில் சிக்கியது. கோன் செட் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்து அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிந்தது. பிறகு டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களை வாசிக்கச் சொன்னேன். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 3811 என்று வாசித்தான். 2011ஆம் ஆண்டு 38ஆவது வாரம். "பூ நல்லா இருக்குத்தானே தம்பி" என்றார் விற்பவர். பூ இருந்தது. ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை.

கோன் செட், ஒயில் சீல், இரண்டு டயர், இவற்றுக்குப் பஞ்சிகாவத்தையில் விலை கேட்டு எழுதிக்கொண்டு வா, அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டி வாப்பாவுக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.