பாஸ் குரலில் போன் வந்தாலும் பணம் அனுப்பலாமா? டீப்ஃபேக் மோசடிக்கு உங்க நிறுவனம் தயாரா?

முதலில் இரண்டு சம்பவங்களைப் பாருங்க.

ஒன்று, 2024-ல் வெளியே தெரியவந்தது. அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்குப் பணம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அவர் சந்தேகப்பட்டார். ஆனால், அடுத்து நடந்த வீடியோ மீட்டிங்கில் தலைமை நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் நம்பிவிட்டார். 15 முறையாக அவர் அனுப்பிய தொகை சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். நம்ம கணக்கில் 200 கோடி ரூபாய்க்கும் மேல். திரையில் தெரிந்த மற்ற எல்லோருமே டீப்ஃபேக்!

இன்னொன்று, ஏர்டெல் தலைவர் சுனில் பார்தி மிட்டல் 2024 அக்டோபரில் சொன்னது. அவரது குரலை அப்படியே நகலெடுத்து, துபாயில் இருந்த மூத்த அதிகாரியிடம் பெரிய தொகையை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி அனுப்பவில்லை. 'இவ்வளவு பெரிய தொகையை நம்ம தலைவர் போனில் கேட்க மாட்டாரே' என்று யோசித்ததுதான் காப்பாற்றியது.

இது ஏன் அதிகமாகும்?

2023-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ மாடலுக்கு, ஒருவரின் குரலைப் போலப் பேச 3 விநாடி ஒலிப்பதிவே போதும். உங்க சி.இ.ஓ.வின் பேட்டிகள் யூடியூபில் மணிக்கணக்கில் கிடக்கின்றன. போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

* திரும்பக் கூப்பிடுங்க: அவசரமாகப் பணம் கேட்டால் காலை கட் செய்துவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அழையுங்கள்.
* இருவர் ஒப்புதல்: பெரிய தொகை, புதிய வங்கிக் கணக்கு என்றால் ஒருவர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. எம்.டி.க்கும் விலக்கு வேண்டாம்.
* தாமதித்தால் திட்டக் கூடாது: 'சார் சொன்னா உடனே செய்யணும்' என்ற பயம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு. சரிபார்க்க நேரம் எடுப்பவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்திலேயே கொடுங்கள்.
* பணம் போய்விட்டால்: உடனே வங்கிக்கும் 1930 உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். சைபர் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. யார் தெரிவிப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இதில் எதற்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பாஸிடமே 'ஒரு நிமிஷம் சார், செக் பண்ணிட்டு கூப்பிடுறேன்' என்று சொல்ல உங்க ஆபீஸில் முடியுமா? அதைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும்.