கேமரா வாங்கும் முன் கணக்கு நோட்டை எடுங்க!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்தார். "மேடம், என் பொண்ணு கேமரா கத்துக்கிட்டு வந்திருக்கா. நாங்க நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி கேமரா எடுத்து, கல்யாண ஆர்டர் பிடிக்கலாம்னு இருக்கோம். அப்புறம் நம்ம ஊரைப் பத்தி சொந்தமா ஒரு படமும் எடுக்கணும்" என்றார். ஓரமாக இருந்த வயதான அம்மா உடனே, "படம் எடுத்து வீட்டை வித்த கதைதாம்மா நான் கேட்டிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

ஆளுக்கு 2 ரூபாயில் ஒரு சினிமா

1976-இல் 'மந்தன்' என்ற இந்திப் படம் வந்தது. இயக்கியவர் ஷியாம் பெனகல். குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் கதை. பெரிய முதலாளி யாரும் பணம் போடவில்லை. வர்கீஸ் குரியன் சொன்ன யோசனைப்படி, 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் சேர்ந்தது. படம் வந்ததும், "இது நம்ம படம்" என்று கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. 2024-இல் அதைப் புதுப்பித்து கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? பணம் கொடுத்த ஆளே படம் பார்க்கும் ஆளாகவும் இருந்தார். யார் பார்ப்பார்கள், யார் காசு தருவார்கள் என்பது கேமரா ஓடும் முன்பே முடிவாகிவிட்டது. சொந்தமாகப் படத் தொழில் செய்கிற பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எடுப்பதற்குப் பணம் தேடுவார்கள். எடுத்ததை விற்பது பற்றி முடித்த பிறகுதான் யோசிப்பார்கள்.

ஆர்டர் வேலை: ஒரு கல்யாணக் கணக்கு

ஒரு கல்யாணத்துக்கு 25,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (ரேட் ஊருக்கு ஊர் மாறும். உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.)

இரண்டாவது கேமராவும் ஆளும், 2 நாள்: 6,000
லைட் பிடிக்கும் ஆள், 2 நாள்: 1,600
எடிட்டிங் கூலி: 5,000
வண்டி, சாப்பாடு: 1,900
பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் பங்கு: 1,000
மொத்தச் செலவு: 15,500

மீதி 9,500. "பரவாயில்லையே" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. உங்க கூலி எங்கே? இரண்டு பேர் 2 நாள் ஷூட்டிங், 2 நாள் எடிட்டிங்குக்கு அலைச்சல். நாளைக்கு 600 ரூபாய் என்றால் 4,800. இதைக் கழித்தால் கையில் நிற்பது 4,700 மட்டுமே.

இப்போது கடனைப் பாருங்க. 1,80,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் 24 மாதத்தில் கட்டினால், மாதத் தவணை சுமார் 8,500. அதாவது மாதம் 2 கல்யாணம் கிடைத்தால்தான் தவணையே கட்ட முடியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் ஏது? முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் தவணை வரும். சீசனில் வரும் பணத்தில் அதற்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். நாலைந்து வருஷத்தில் கேமரா பழசாகிவிடும். அடுத்த கேமராவுக்கும் இதிலேதான் சேர்க்கணும்.

நம்ம கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டால் லாபம் வருகிற மாதிரிதான் தெரியும். உண்மையில் சும்மா உழைத்துக் கொடுத்திருப்போம்.

சொந்தப் படம் என்றால்?

இதில் ஆர்டர் கொடுத்தவர் கிடையாது. செலவு முன்னால், வரவு பின்னால். அதுவும் வந்தால்தான் நிச்சயம். தியேட்டரில் ஓட்ட சென்சார் சான்றிதழ் வேண்டும். டிக்கெட் காசில் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் தங்கள் பங்கை எடுத்தது போக மிச்சம்தான் எடுத்தவருக்கு. யூடியூபில் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் விளம்பர வருமானத்துக்கு குறைந்தது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு படம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஆகாது.

அதனால் சொந்தப் படத்தைக் கடனில் எடுக்காதீங்க. லாபத்தில் ஒதுக்கிய பணத்திலோ, முன்கூட்டியே ஆதரவு தருகிறவர்கள் பணத்திலோ எடுங்க.

மறக்கக் கூடாதவை

1. பணத்தை மூன்று தவணையாகப் பேசுங்க. பாதி ஆர்டரோடு, கால் பங்கு ஷூட்டிங் அன்று, மீதி படம் கொடுக்கும்போது. "சொந்தக்காரங்கதானே" என்று விட்ட பணம்தான் பெரும்பாலும் நின்றுபோகும்.

2. ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்க. எத்தனை நாள் வேலை, எத்தனை முறை திருத்தம், என்றைக்குக் கொடுப்போம் என்று அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் திருத்தம் முடியவே முடியாது.

3. காசு வாங்கி ஒருவருக்காக எடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே. 1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் அனுமதி இல்லாமல் உங்க சேனலில் போடக் கூடாது.

4. சினிமாப் பாட்டைச் சேர்த்து யூடியூபில் போட்டால், பாட்டுக்கு உரிமை உள்ளவர் கேட்டு வருவார். வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோவே நீக்கப்படலாம்.

5. எடுத்ததை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்க. கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அந்தக் குழு என்ன முடிவு செய்தது? கணக்கை கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பொண்ணே, "அக்கா, ஆறு மாசம் வாடகைக் கேமராவில ஓட்டிப் பார்க்கிறோம். எத்தனை ஆர்டர் வருதுன்னு எழுதி வைக்கிறோம். அதுக்கப்புறம் கடன் கேட்கிறோம்" என்றாள். தீர்மான நோட்டில் அப்படியே எழுதினார்கள். முதலில் கையெழுத்துப் போட்டது, வீடு விற்ற கதை சொன்ன அந்த அம்மாதான்!

உங்க குழுவிலும் இப்படி ஆசை உள்ள பெண்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று தடுக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் கணக்கு நோட்டோடு உட்கார வையுங்கள்.